கடை அக்கா பேரில்

போன வார அத்தியாயத்தை வீடியோ அழைப்புக்கு நேரம் குறித்ததோடு நிறுத்தியதற்கு நிறையப் பேர் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். திட்டுங்கள், தாங்கிக்கொள்கிறேன். ஆனால் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்னவள் பக்கம் சாய்ந்துகொண்டு, "அந்த அக்காவுக்கு அப்படி என்னங்க வயிற்றெரிச்சல்?" என்று கேட்டிருந்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வயிறு எரியப் பெரிய காரணமெல்லாம் வேண்டுமா என்ன? ஒரு ஸ்கூட்டரின் பின் சீட்டு போதும்.

அக்காவின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் தினமும் காலையில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்து, அவள் கேஷியராக இருக்கும் ஃபர்னிச்சர் ஷோரூமின் வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். இப்போது அந்த சீட்டில் பார்சல்கள் கயிறு கட்டி உட்கார்ந்து போகின்றன. எல்லாம் அவன் மனைவி, நம் சின்னவள், தைத்த பார்சல்கள். அக்கா பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறாள்.

பார்சலுக்குள் இருப்பது நாய்களுக்கான மழைக்கோட்டு. சிரிக்காதீர்கள். ஆன்லைனில் அதற்கு அப்படி ஒரு கிராக்கி. நீள முதுகும் குட்டைக் காலுமாக இருக்கும் நாய், தலையும் கழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் நாய், எதற்கும் கடையில் வாங்குவது பொருந்தாது. சின்னவள் கேட்டு வாங்கிய அளவுக்கு அச்சாகத் தைத்து அனுப்புவாள். முதுகில் கயிறு மாட்ட ஒரு துளை, வயிற்றடியில் ஒட்டுப்பட்டை, ஓரமெல்லாம் பிசிறு இல்லாமல்.

ஆனால் கடை அக்கா பேரில். ஆரம்பித்தபோது சின்னவளுக்கு வரி எண் கிடையாது. தம்பியின் கம்பெனியில் வேறு தொழில் செய்யக்கூடாது என்று கட்டுப்பாடு. மாதச் சம்பளக்காரியான அக்காவிடம்தான் எல்லாம் ஒழுங்காக இருந்தது. "பேரை மட்டும் குடுக்கா" என்று கேட்டான், கொடுத்தாள். அந்த நன்றிக்குக் கடைக்கும் 'அக்கா கடை' என்றே வைத்துவிட்டான். பணம் மட்டும் சின்னவளின் வங்கிக் கணக்குக்குப் போனது.

இத்தனை காலம் யாரும் கேட்கவில்லை. இப்போது அந்த ஆன்லைன் விற்பனைத் தளத்துக்காரர்கள் புது விதி போட்டுவிட்டார்கள். கடைக்காரர் பெயர், வரி எண், பணம் போகும் வங்கிக் கணக்கு, மூன்றும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டுமாம். அதுவரை விற்ற பணமும் வராது, புது ஆர்டரும் வராது. இன்று மதியம் அக்கா வீடியோவில் முகம் காட்டி, கடை யாருடையது என்று வாயால் சொல்ல வேண்டும். சின்னவளுடையது என்றால் அவள் பேருக்கு மாற்றித் தருவார்கள், வாங்கியவர்கள் எழுதிய பாராட்டும் நட்சத்திரமும் அப்படியே கூட வரும். ஆளே வராமல் விட்டால் கடைக்குப் பூட்டு.

அக்காவும் ராத்திரியே சொல்லியிருந்தாள், "மாத்திக் குடுத்துடறேன், போ" என்று. அந்தப் "போ"வைச் சின்னவள் கவனிக்கவில்லை. நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

* * *

காலையில் முன்னறையில் தையல் மெஷின் நின்றிருந்தது. சின்னவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஆடிட்டர். தம்பி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா டிபன் டப்பாவை மூடுகிற சாக்கில் அடுப்படியிலிருந்து காதைக் கொடுத்திருந்தாள்.

"போன வருஷ விற்பனையைத் தளத்துக்காரங்க வரித்துறைக்கு அனுப்பிட்டாங்க" என்றார் ஆடிட்டர். "உங்க நாத்தனார் நம்பர்ல ஏறியிருக்கு." தொகையையும் சொன்னார்.

அடுப்படியில் டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது.

அவ்வளவா? அக்கா மூடியை எடுக்கக்கூடக் குனியவில்லை. அவள் ஷோரூமில் இத்தனை வருஷமாக மெத்தைக்கும் பீரோவுக்கும் பில் போட்டு, முதுகு வலிக்க உட்கார்ந்து வாங்குகிற சம்பளம் எங்கே, இது எங்கே! இந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்காமல், ரேடியோ கேட்டுக்கொண்டே இவ்வளவு சம்பாதித்துவிட்டாளா? சம்பாதித்துவிட்டு இன்னும் அந்தச் சாயம் போன நைட்டியையே மாட்டிக்கொண்டு திரிகிறாளே, எவ்வளவு அழுத்தம்!

"அண்ணி, என்ன விழுந்துச்சு?" என்று சின்னவள் குரல் கொடுத்தாள். அவள் நாத்தனாரை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒண்ணும் விழல. நான் கிளம்பறேன். பஸ் போயிடும்."

"இருக்கா, அவர் இன்னும் முடிக்கல" என்றான் தம்பி.

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்? சம்பாதிக்கிறவங்க கேட்டுக்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நின்றிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஏனென்றால் ஆடிட்டர் அதற்கப்புறம்தான் விஷயத்துக்கே வந்தார். "பயப்படாதீங்கம்மா. அது வெறும் விற்பனை. லாபம் இல்ல. துணி, கூரியர், தளத்தோட கமிஷன், திரும்பி வந்த சரக்கு, எல்லாத்தையும் கழிச்சா மிஞ்சறது கொஞ்சம்தான். ஆனா அவங்க விற்பனையை மட்டும்தான் சொல்லுவாங்க. செலவை நாமதான் பில்லு காட்டிக் கழிக்கணும். பில்லெல்லாம் யார் பேர்ல?"

"என் பேர்லதான் சார். துணிக்கடையில என்னைத்தானே தெரியும்?"

"அப்போ கடையும் உங்க பேருக்கு வந்துடணும். வந்துட்டா பழசையும் எழுதிக் குடுத்துச் சரி பண்ணிடலாம். இல்லேன்னா விற்பனை மொத்தமும் அவங்க தலையில, கழிக்கிற செலவு உங்க கையிலன்னு ஆயிடும். பாவம், அந்தம்மாதான் மாட்டிக்குவாங்க."

"அண்ணி மாத்தித் தரேன்னுட்டாங்க சார்" என்றாள் சின்னவள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போனை வைத்ததும் கணவனிடம் திரும்பி, "என்னங்க, இன்னிக்குப் பார்சல் ஒண்ணும் இல்லையே, லீவு போட்டுட்டு என்னை அந்த அச்சகத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள்.

* * *

ஷோரூமில் அக்காவுக்கு வேறு மரியாதை. நடுவில் ஒரு நாள் சோபா பிரிவில் இருக்கிற பெண் தன் நாய்க்குக் கோட்டு தேடப்போய், கடைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, இது நீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் அக்கா, சத்தியமாக எடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்கா" என்றுவிட்டாள். பிடித்த கையை யாராவது உதறுவார்களா? அன்றிலிருந்து அவள் தைக்கிறவள் ஆகிவிட்டாள். இத்தனைக்கும் தெரு முனையில் ஒரு நாய் படுத்திருந்தால் எதிர்ப்பக்கம் போய் நடக்கிறவள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பாராட்டுகளைப் படிப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. 'அன்புள்ள அக்கா, எங்க குட்டி மழையில ராஜா மாதிரி போறான்.' 'அக்கா, நீங்க நல்லா இருக்கணும்.' அக்கா, அக்கா, அக்கா. பெற்றவர்கள் போனபின் அவளை இப்படி யாரும் கொண்டாடியதில்லை. நியாயமா என்று கேட்காதீர்கள். பாராட்டுக்கு ஏங்கிப் போனவர்களுக்கு அடுத்தவர் பாராட்டும் இனிக்கத்தான் செய்யும்.

இன்று மதியம் அரை நாள் லீவு கேட்டபோது மேனேஜரே எழுந்து வந்தார்.

"உங்களைப் பேட்டி எடுக்கறாங்களாமே?"

"ஆமா சார். வீடியோவுல" என்றாள் அக்கா. வாய் தானாகச் சொன்னது.

"பெரிய ஆளாயிட்டீங்க. எங்களையெல்லாம் மறந்துடாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையை எடுத்தாள். இன்று மாற்றிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு சோபாக்காரி போனைத் திறந்து பார்த்து, "என்னக்கா, வேற பேரு வருது?" என்று கேட்பாளே, என்ன பதில் சொல்வது?

இருந்தாலும், மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், பஸ் ஏறும்போதுகூட அவள் மாற்றிக் கொடுக்கிற எண்ணத்தில்தான் இருந்தாள். வாக்கு கொடுத்தாயிற்று, தம்பி முகத்துக்காகச் செய்துவிடுவோம் என்றுதான் இருந்தாள்.

சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

தம்பி. பின்னால் சின்னவள். பார்சல் இல்லை, கயிறு இல்லை. அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். மடியில் சின்னதாக ஒரு அட்டைப்பெட்டி. அவன் தலையைத் திருப்பி ஏதோ சொல்ல, அவள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்ட, இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பி அப்படிச் சிரித்து அக்கா பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

லீவு போட்டிருக்கிறான். சீட்டு காலியாக இருந்திருக்கிறது. "வாக்கா, உன்னைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று ஒரு போன் பண்ணத் தோன்றவில்லை அவனுக்கு.

பச்சை விழுந்தது. ஸ்கூட்டர் பறந்துவிட்டது. அக்கா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள்.

* * *

வீட்டில் மெஷினை ஓரமாகத் தள்ளி, நடுவில் நாற்காலி போட்டு, எதிரே புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"வாங்கண்ணி, டீ போடவா? இன்னும் நேரம் இருக்கு." சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வேண்டாம்."

மேசைமேல் அந்த அட்டைப்பெட்டி திறந்திருந்தது. உள்ளே கட்டுக்கட்டாக ஸ்டிக்கர். மழைக்கோட்டுப் பையில் ஒட்டுவதற்கு. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று சின்னவளின் முழுப்பெயர், அதன் கீழே 'தையலகம்'. அக்கா கடை என்பது எங்கேயும் இல்லை.

"என்னடா இது?"

தம்பி தலையைச் சொறிந்தான். "இன்னிக்கு மாறிடும்ல? அதான் முன்னாடியே அடிச்சு வெச்சுட்டோம்."

"நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்ல. அதுக்குள்ள என் பேரை அழிச்சாச்சா?"

"அழிக்கறதுன்னா என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம்..."

சின்னவள் குறுக்கே வந்தாள். "அவரைச் சொல்லாதீங்கண்ணி, நான்தான் அவசரப்பட்டேன். மனசுல இருக்கிறதைச் சொல்லிடறேன். தைக்கிறது நானு, எல்லாரும் அக்கா அக்கான்னு எழுதறாங்க. ராத்திரி முழிச்சுத் தைச்சு அனுப்பினா, மறுநாள் 'அக்கா கை பொன்னான கை'ன்னு வரும். படிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும். உங்க மேல பொறாமைதான். ஒரு தடவையாவது என் பேரைப் போட்டு யாராச்சும் எழுத மாட்டாங்களான்னு ஆசை."

என் மேல் பொறாமையா? அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவளுக்குப் புருஷன் இருக்கிறான், தொழில் இருக்கிறது, ஆடிட்டர் சொன்ன அத்தனை பணம் இருக்கிறது, ஸ்கூட்டரின் பின் சீட்டும் இருக்கிறது. என்னிடம் இருந்தது அந்த மூன்றெழுத்துக் கூப்பாடு ஒன்று. அதையும் பிடுங்க வேண்டுமா?

"அவ்வளவு பணம் வந்தும் உனக்குப் பத்தலையா?" என்று கேட்டாள்.

"எவ்வளவு பணம்? அண்ணி, காலையில நீங்க போனதுக்கப்புறம் ஆடிட்டர் சொன்னாரு..."

போன் அடித்தது.

தம்பி பாய்ந்து வந்து பொத்தானை அழுத்திவிட்டு, படத்தில் விழாமல் போனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். திரையில் காதில் மைக் மாட்டிய ஒரு பெண். பணிவான குரல், ஆனால் அவசரக் குரல்.

"வணக்கம் மேடம். இந்த அழைப்பு பதிவாகுது. அக்கா கடை உங்க பேர்ல இருக்கு. பணம் வேற ஒருத்தர் கணக்குக்குப் போகுது. கடையை நடத்தறது யாருன்னு நீங்க தெளிவாச் சொல்லணும். கடை உங்களுடையதா, இல்ல வேற யாருக்காவது மாத்தணுமா?"

தம்பி அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான். சொல்லுக்கா, சொல்லு.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

"என் கடைதான்" என்றாள்.

தம்பி ஆட்டிய தலையை அப்படியே நிறுத்தினான்.

"அப்போ பணம் ஏன் மேடம் இன்னொருத்தர் கணக்குக்குப் போகுது?"

"நான் வேலைக்குப் போறவ. துணி வாங்கறது, கூரியர் கட்டறது எல்லாம் வீட்டுலயிருந்து நடக்கணும் இல்லையா? அதுக்காக அந்தக் கணக்கைக் குடுத்திருந்தேன். இனிமே என் கணக்கையே போட்டுக்குங்க."

"சரி மேடம். பக்கத்துல நிக்கிறவங்க யாரு?"

சின்னவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தவள் முகம் அந்தச் சின்னத் திரையின் ஓரத்தில் பாதி தெரிந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனால் சிக்னலில் கேட்ட சிரிப்பு இன்னும் காதிலேயே நின்றது.

"அவ வேலைக்கு இருக்கிற பொண்ணு. தைக்கிறதுக்கு."

அடிப்பாவி என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. எழுதும்போது நானும் அதைத்தான் சொன்னேன்.

திரையில் இருந்த பெண் தட்டச்சு செய்துகொண்டே போனாள். "நல்லது மேடம். அப்படின்னா இதுவரைக்கும் நடந்த மொத்த விற்பனையும் உங்க வருமானமா வரித்துறையில நிக்கும். பழைய வருஷங்களும் சேர்த்து. அப்புறமா வந்து என்னுது இல்லன்னு சொல்ல முடியாது. சம்மதமா?"

தம்பி பின்னாலிருந்து இரண்டு கையையும் ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று உதட்டை அசைத்தான். கடையைத் தட்டிப் பறித்தவளுக்கு அதுவும் பொண்டாட்டிக்காகக் கெஞ்சுவதாகவே பட்டது.

"சம்மதம்."

"பக்கத்துல இருக்கிற மேடம், பணம் உங்க கணக்குக்கு வந்திருக்கறதால உங்களையும் கேட்கணும். இவங்க சொல்றது சரிதானா? இல்லைன்னா சொல்லுங்க, முரண்பாடுன்னு போட்டுக் கடையை மூடிடுவோம்."

மூடினால் எல்லாம் போய்விடும். தைத்து அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் வந்த பாராட்டு, தேடி வருகிற ஆட்கள், அத்தனை வருஷ உழைப்பு. சின்னவளுக்கு அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் தைரியமாகச் சொன்னாள், இவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று.

சின்னவள் குனிந்து முகத்தைத் திரைக்கு நேராகக் கொண்டுவந்தாள். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"சரிதாங்க. கடை அவங்களுடையதுதான். நான் வேலைக்குத்தான் இருந்தேன்."

"நன்றி மேடம்."

"இன்னியோட நின்னுக்கறேன். அதையும் பதிவு பண்ணிக்குங்க."

"அது எங்க விதியில வராதுங்க. நீங்க உங்களுக்குள்ள பேசிக்குங்க" என்றாள் திரைப்பெண். "வாழ்த்துகள் மேடம், கடை திறந்தாச்சு. நிறுத்தி வெச்சிருந்த ஆர்டரெல்லாம் இப்போ வரிசையா வரும். திங்கட்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க, லேட்டானா கடையோட தரம் இறங்கிடும்."

திரை அணைந்தது. உள்ளறையில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. "இந்தா, நில்லு, நான் சொல்றதைக் கேளு" என்று தம்பி அங்கே ஓடினான்.

அக்காவின் போன் மணியடித்தது. ஒரு ஆர்டர். மறுபடி அடித்தது. மறுபடி. கழுத்தளவு, மார்பளவு, முதுகு நீளம் என்று வந்துகொண்டே இருந்தது. அவள் எழுந்து போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அதை எந்தப் பக்கம் முடுக்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாது.